தவளை இருதயம் சொன்ன ரகசியம்

ஓட்டோ லோவி என்ற டாக்டரின் வாழ்க்கையில் இரண்டு இரவுகள் முக்கியமானவை. இரண்டு இரவுகளிலும் அவர் விழித்த நேரம் மணி மூன்று.

ஓர் இரவில் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. அது அவருக்கு உலகப் புகழையும் நோபல் பரிசையும் கொடுத்தது.

மற்றோர் இரவில் துப்பாக்கி ஏந்திய ஆட்கள் வந்தார்கள். வீடு, வேலை, பரிசுப் பணம் எல்லாம் பறிபோயின.

ஆனால் ஒன்று மட்டும் பறிபோகாமல் தப்பியது. அதைக் காப்பாற்றியது ஒரு தபால் கார்டு!

படம் பார்க்கப் போன மாணவர்

லோவி 1873-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத்தில் பிறந்தார். யூதக் குடும்பம். தகப்பனார் திராட்சை மது வியாபாரி. வீட்டில் பணக் கஷ்டம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் லத்தீன், கிரேக்க மொழிகள் அவருக்கு நன்றாக வந்தன. கணக்கும் பௌதிகமும் அவ்வளவாக வரவில்லை. பழங்காலத்து ஓவியங்கள் என்றால் அவருக்கு உயிர். ஓவியக் கலையின் வரலாற்றைப் படித்து, அந்தத் துறையிலேயே இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

பெற்றோர் விரும்பியது வேறு. மகன் டாக்டர் ஆகவேண்டும் என்றார்கள். மகனும் தட்டவில்லை. 1891-ம் ஆண்டு ஸ்டிராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். இன்று பிரான்சில் இருக்கும் அந்த நகரம் அப்போது ஜெர்மனியில் இருந்தது.

சேர்ந்தது வைத்தியம். ஆனால் அவர் போய் உட்கார்ந்தது தத்துவ வகுப்பிலும் கலை வகுப்பிலும்! இதனால் முதல் பரீட்சையில் தட்டுத் தடுமாறித்தான் தேறினார். பிறகு புத்தி வந்து, கவனமாகப் படித்தார். 1896-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார்.

ஆஸ்பத்திரியை விட்டு ஓடியவர்

பிராங்பர்ட் நகர ஆஸ்பத்திரியில் லோவி வேலைக்குச் சேர்ந்தார். அங்கே காசநோய்க்காரர்களும், நிமோனியா காய்ச்சல்காரர்களும் நிறைய இருந்தார்கள். நோய் முற்றியவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள்.

அந்தக் காலத்தில் அந்த நோய்களுக்கு மருந்து கிடையாது. டாக்டர் நாடி பிடித்துப் பார்ப்பார். நோயின் பெயரைச் சொல்வார். அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இளம் டாக்டரின் மனம் அதைத் தாங்கவில்லை. சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கா இத்தனை படிப்பு என்று நினைத்தார். நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று பயன் இல்லை; மருந்து உடம்புக்குள் போய் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் கண்டுபிடிக்கவேண்டும் என்று முடிவு செய்தார்.

1898-ம் ஆண்டு மார்பர்க் நகரத்துக்குப் போனார். அங்கே மருந்தியல் பேராசிரியராக இருந்த ஹான்ஸ் மேயரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே அவர் செய்த ஆராய்ச்சிகளில் ஒன்று 1902-ம் ஆண்டு பெயர் வாங்கியது. நாம் உண்ணும் புரதம் வயிற்றில் சிறு சிறு துண்டாகச் சிதைகிறது. அந்தத் துண்டுகளைக் கொண்டு உடம்பு தனக்கு வேண்டிய புரதத்தை மறுபடியும் கட்டிக்கொள்கிறது. பழைய வீட்டை இடித்த செங்கல்லைக் கொண்டு புது வீடு கட்டுவது போல! நாய்களை வைத்துச் சோதனை செய்து இதைக் காட்டினார்.

கேள்வி என்ன?

லோவிக்குப் புகழ் தந்தது இதைவிடப் பெரிய ஒரு கேள்வி. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

நாம் கையைத் தூக்க நினைத்தால் தூக்குகிறோம். நடக்க நினைத்தால் நடக்கிறோம். ஆனால் இருதயம் துடிப்பதற்கு நாம் உத்தரவு போடுவதில்லை. தூங்கும்போதும் அது துடிக்கிறது. இரைப்பை தானாகவே சோற்றை அரைக்கிறது. வெளிச்சம் பட்டால் கண்ணின் பாவை தானாகச் சுருங்குகிறது.

இந்த வேலைகளை நம்மைக் கேட்காமலே கவனித்துக்கொள்ளும் நரம்புகள் உடம்பில் இருக்கின்றன. அவற்றுக்குத் தானியங்கி நரம்பு மண்டலம் என்று பெயர்.

இதில் இரண்டு பிரிவு உண்டு. ஒன்று தார்க்குச்சி, மற்றொன்று மூக்கணாங்கயிறு. இருட்டில் பாம்பு எதிர்ப்பட்டால் தார்க்குச்சி நரம்புகள் வேலை செய்கின்றன. இருதயம் படபடவென்று அடிக்கிறது. ஆபத்து நீங்கிய பிறகு மூக்கணாங்கயிறு இழுக்கப்படுகிறது. துடிப்பு அடங்குகிறது. இருதயத்தை அடக்கும் இந்த நரம்புக்கு வேகஸ் நரம்பு என்று பெயர். அது மூளையில் புறப்பட்டு, கழுத்து வழியாக மார்புக்கும் வயிற்றுக்கும் வருகிறது.

நரம்பின் வழியே செய்தி மின்சாரமாக ஓடுகிறது என்பது அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் நரம்பு முடிந்த பிறகு? நரம்பின் நுனிக்கும் அது ஏவும் உறுப்புக்கும் நடுவில் மிகச் சிறிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைச் செய்தி எப்படித் தாண்டுகிறது?

மின்சாரம் அப்படியே தாவிப் போகிறது என்றுதான் பெரும்பாலான விஞ்ஞானிகள் நம்பினார்கள். 1904-ம் ஆண்டு இங்கிலாந்தில் எலியட் என்ற இளைஞர் வேறு மாதிரி சொன்னார். நரம்பின் நுனியில் அட்ரினலின் என்ற ரசாயனப் பொருள் ஊறி வரலாம், அதுவே செய்தியைக் கொண்டு போகலாம் என்றார். நிரூபிக்க வழி இல்லை. பேச்சு அத்துடன் நின்றது.

லோவிக்கும் இதே எண்ணம் 1903-ம் ஆண்டிலேயே வந்தது. ஒரு நண்பரிடம் அதைப் பற்றிப் பேசினார். ஆனால் எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று தெரியவில்லை. நாளடைவில் அதை மறந்தே போனார். பதினேழு ஆண்டுகள் அந்த எண்ணம் உள்ளுக்குள் உறங்கிக்கொண்டிருந்தது.

கிறுக்கிய காகிதம்

இதற்கிடையில் அவர் வாழ்க்கை வளர்ந்தது. 1908-ம் ஆண்டு குயிடா என்ற பெண்மணியை மணந்தார். மூன்று ஆண் குழந்தைகளும் ஒரு பெண் குழந்தையும் பிறந்தார்கள். 1909-ம் ஆண்டு ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியர் ஆனார்.

1920-ம் ஆண்டு. ஈஸ்டர் பண்டிகைக்கு முந்திய இரவு. அவர் பிற்காலத்தில் எழுதியிருப்பது இது:

நடுத் தூக்கத்தில் விழித்துக்கொண்டார். மனத்தில் ஒரு யோசனை பளிச்சென்று இருந்தது. விளக்கைப் போட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் அதைக் குறித்து வைத்தார். மறுபடியும் தூங்கிவிட்டார்.

காலை ஆறு மணிக்கு எழுந்தார். இரவில் மிக முக்கியமான ஒன்றை எழுதினோம் என்பது நினைவு இருந்தது. என்ன எழுதினோம் என்பது நினைவு இல்லை. காகிதத்தை எடுத்துப் பார்த்தார். ஒரே கிறுக்கல்! தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை.

அன்று முழுவதும் தவித்தார். யோசித்து யோசித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

அன்று இரவு மணி மூன்று. அதே யோசனை மறுபடியும் வந்தது! இந்தத் தடவை அவர் காகிதத்தை நம்பவில்லை. படுக்கையை விட்டு எழுந்தார். நேராகச் சோதனைச்சாலைக்குப் போனார். அந்த நேரத்திலேயே வேலையைத் தொடங்கினார்.

இரண்டு இருதயங்கள்

சோதனை மிகவும் எளிது.

தவளையின் இருதயத்தை வெளியே எடுத்து, சரியான அளவில் உப்புகள் கலந்த நீரை அதற்குள் விட்டு வைத்தால், அது நெடுநேரம் துடித்துக்கொண்டிருக்கும். லோவி இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்தார். ஒன்றில் வேகஸ் நரம்பை விட்டுவைத்தார். மற்றொன்றில் நரம்புகளை நீக்கிவிட்டார். இரண்டிலும் சிறு கண்ணாடிக் குழாயைச் செருகி, உப்பு நீரை நிரப்பினார்.

முதல் இருதயத்தின் வேகஸ் நரம்பைச் சில நிமிஷங்கள் மின்சாரத்தால் தூண்டினார். துடிப்பு குறைந்தது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பிறகு அந்த முதல் இருதயத்தில் இருந்த நீரை எடுத்தார். இரண்டாவது இருதயத்தில் விட்டார்.

அந்த இருதயத்துக்கு நரம்பு இல்லை. மின்சாரமும் கொடுக்கவில்லை. ஆனாலும் அதன் துடிப்பு குறைந்தது! கண்ணுக்குத் தெரியாத ஒரு கை அதன் மூக்கணாங்கயிற்றை இழுத்தது போல இருந்தது.

அடுத்து முதல் இருதயத்தை விரைவுபடுத்தும் நரம்பைத் தூண்டினார். அந்த நீரை இரண்டாவது இருதயத்தில் விட்டார். அது வேகமாகத் துடித்தது!

விடை கிடைத்துவிட்டது. நீரோடு சேர்ந்து வந்தது மின்சாரமாக இருக்க முடியாது. நரம்பின் நுனி ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது. அந்தப் பொருள்தான் செய்தியைச் சுமந்து செல்கிறது.

தந்தி இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். செய்தி கம்பியில் மின்சாரமாக ஓடி வரும். ஆனால் கம்பி நம் வீட்டுக்குள் வராது. தபால் ஆபீசோடு நின்றுவிடும். அங்கிருந்து சேவகர்தான் காகிதத்தைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார். நரம்பிலும் அப்படித்தான். கம்பி வரையில் மின்சாரம். கடைசி நாலடி தூரத்துக்குச் சேவகர்!

பகலில் உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தச் சோதனையைச் செய்திருக்கவே மாட்டேன் என்று லோவி பிற்காலத்தில் எழுதினார். ஏன்? நரம்பு ஏதாவது சுரந்தாலும், காரியத்துக்கு வேண்டிய அளவுதான் சுரக்கும். மிச்சம் நீரில் கலக்கும் அளவுக்கு இருக்காது என்று அறிவு தடுத்திருக்கும். நள்ளிரவில் அந்தத் தடை எழவில்லை.

நம்பாதவர்கள்

லோவி தம் முடிவை 1921-ம் ஆண்டு வெளியிட்டார். வேகஸ் நரம்பு சுரந்த பொருளுக்கு வேகஸ் பொருள் என்றே பெயர் வைத்தார்.

பல நாட்டு விஞ்ஞானிகள் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். சிலருக்குச் சரியாக வந்தது. பலருக்கு வரவில்லை. லோவி ஏமாந்துவிட்டார் என்று சொன்னவர்களும் உண்டு.

காரணம் என்ன? தவளையின் வேகஸ் நரம்பில் அடக்கும் இழைகளும் உண்டு. விரைவுபடுத்தும் இழைகளும் உண்டு. எது மேலோங்கும் என்பது பருவத்தையும், தவளை இனத்தையும் பொறுத்தது. குளிர் விலகாத காலத்தில் அடக்கும் இழைகளுக்குப் பலம் அதிகம். லோவிக்குக் காலமும் தவளையும் ஒத்து வந்தன.

1926-ம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரத்தில் உலக உடலியல் விஞ்ஞானிகளின் மாநாடு நடந்தது. அங்கே எல்லோர் கண் எதிரிலும் லோவி சோதனையைச் செய்து காட்டினார். ஒரு தடவை அல்ல, பதினெட்டுத் தடவை! ஒவ்வொரு தடவையும் வெற்றி. அதற்குப் பிறகு வாய்கள் மெல்ல மெல்ல அடங்கின.

அந்தப் பொருள் எது என்பதும் தெரிந்தது. அதன் பெயர் அசிட்டைல்கோலின். லண்டனில் இருந்த ஹென்றி டேல் என்ற விஞ்ஞானி, இந்தப் பொருளின் குணங்களை 1914-ம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். லோவி இங்கிலாந்துக்கு முதன்முதலாகப் போனபோதே டேல் அவருக்கு நண்பர் ஆனவர். பிராணியின் உடம்பிலேயே இந்தப் பொருள் இருக்கிறது என்று டேலும் அவர் கூட்டாளியும் 1929-ம் ஆண்டு கண்டுபிடித்தார்கள்.

லோவி இன்னொன்றும் காட்டினார். செய்தி கொடுத்த மறுகணமே அந்தப் பொருள் அழிக்கப்பட்டுவிடுகிறது. அதை அழிப்பதற்கென்றே உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. படித்த காகிதத்தை உடனே கிழித்துப் போடாவிட்டால், பழைய செய்தியும் புதிய செய்தியும் கலந்து குழப்பம் வரும் அல்லவா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

1936-ம் ஆண்டு லோவிக்கும் டேலுக்கும் சேர்த்து மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நண்பர்கள் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள்.

மறுபடியும் மணி மூன்று

1938-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அன்று அதிகாலை மணி மூன்று. லோவியின் படுக்கை அறைக்குள் ஒரு டஜன் நாஜி இளைஞர்கள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். காரணம் சொல்லவில்லை. அவரைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய இரண்டு இளைய மகன்களும் கைதானார்கள். அவர்கள் செய்த குற்றம் யூதராகப் பிறந்தது ஒன்றுதான்.

லோவிக்கு அப்போது வயது 64. தம்மைக் கொன்றுவிடுவார்கள் என்றே அவர் நினைத்தார். இரவெல்லாம் தூக்கம் இல்லை.

ஆனால் அவரை வாட்டிய கவலை வேறு. சிறைக்கு வருமுன் அவர் ஒரு சோதனையை முடித்திருந்தார். அதன் முடிவு இன்னும் அச்சாகவில்லை. நாம் செத்துப் போனால் அதுவும் நம்மோடு போய்விடுமே என்று துடித்தார். கையில் இருந்த கண்டுபிடிப்பு ஒரு கிறுக்கலால் கைநழுவப் பார்த்ததை அனுபவித்தவர் அல்லவா?

ஒரு தபால் கார்டும் பேனாவும் வேண்டும் என்று காவலர்களைக் கெஞ்சினார். திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் சில நாட்கள் கழித்துக் கொடுத்தார்கள். காவலன் பக்கத்தில் நிற்க, சோதனையின் முடிவை அந்தச் சிறு கார்டில் எழுதினார். ஜெர்மன் விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றுக்கு விலாசம் எழுதிக் கொடுத்தார். காவலன் அதைத் தபாலில் சேர்த்தான். லோவிக்கு மனப் பாரம் இறங்கியது. இனி என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று இருந்தார்.

வெறுங்கையோடு

இரண்டு மாதம் கழித்து விடுதலை கிடைத்தது. ஆனால் நாட்டை விட்டுப் போக நாஜிகள் ஒரு விலை கேட்டார்கள். ஸ்டாக்ஹோம் பாங்கியில் இருந்த நோபல் பரிசுப் பணத்தைத் தங்கள் வசத்தில் உள்ள பாங்கிக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும் என்றார்கள். லோவி கொடுத்தார். செப்டம்பர் மாதம் வெறுங்கையோடு லண்டனுக்குப் புறப்பட்டார்.

மனைவியை மட்டும் உடன் அனுப்பவில்லை. இத்தாலியில் அந்த அம்மாளுக்கு இருந்த சொத்தையும் எழுதி வாங்க வேண்டும் என்று பிடித்து வைத்தார்கள். கணவனும் மனைவியும் மறுபடி ஒன்று சேர்ந்தது 1941-ம் ஆண்டில்தான்.

லோவி சில காலம் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார். 1940-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். நியூயார்க் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவி கொடுத்திருந்தது.

துறைமுகத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. லண்டனில் ஒரு டாக்டர் கொடுத்த உடல்நலச் சான்று அவரிடம் இருந்தது. அதை அதிகாரியிடம் நீட்டும்போதுதான் லோவி படித்துப் பார்த்தார். முதுமையால் தளர்ந்தவர், உழைத்துச் சம்பாதிக்க இயலாதவர் என்று அதில் எழுதியிருந்தது! லோவிக்குத் திக்கென்றது. நல்லவேளையாக அதிகாரி அதைப் பொருட்படுத்தவில்லை. உள்ளே விட்டுவிட்டார்.

தளர்ந்தவர் என்று எழுதப்பட்ட அந்த மனிதர் அதற்குப் பிறகு 21 ஆண்டுகள் வாழ்ந்தார். இளம் விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார். கோடை காலத்தில் கடற்கரை ஊரான உட்ஸ் ஹோலுக்குப் போவார். 1946-ம் ஆண்டு அமெரிக்கக் குடிமகன் ஆனார். 1958-ம் ஆண்டு மனைவி காலமானார். 1961-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் அன்று, நியூயார்க்கில் லோவி காலமானார். அப்போது அவருக்கு வயது 88.

நமக்கு என்ன பயன்?

தவளையின் இருதயம் மெதுவாகத் துடித்தால் நமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். நம் ஊர்க் காட்சிகளே பதில் சொல்லும்.

வேலி ஓரத்தில் ஊமத்தை முளைத்திருக்கிறது. அதன் காயைத் தெரியாமல் தின்ற குழந்தைக்கு வாய் உலர்கிறது. கண்ணின் பாவை விரிகிறது. இருதயம் படபடக்கிறது. ஏன்? ஊமத்தையில் உள்ள விஷம் அசிட்டைல்கோலின் கொண்டுவரும் செய்தியை வாசலிலேயே மறித்துவிடுகிறது. கடிவாளம் அறுந்த வண்டிபோல் இருதயம் ஓடுகிறது.

இதற்கு நேர்மாறானது பயிருக்கு அடிக்கும் சிலவகைப் பூச்சிமருந்து. அது உடம்பில் ஏறினால், காகிதத்தைக் கிழிக்கும் நொதி செயல் இழக்கிறது. அசிட்டைல்கோலின் அழியாமல் குவிகிறது. வாயில் எச்சில் வழிகிறது. வியர்வை கொட்டுகிறது. பாவை ஊசிமுனை போல் சுருங்குகிறது. துடிப்பு விழுகிறது. மூச்சு திணறுகிறது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் டாக்டர் அட்ரோபின் என்ற ஊசியைப் போடுகிறார். அது ஊமத்தை விஷத்தின் இனத்தைச் சேர்ந்த மருந்துதான்! குவிந்த செய்தியை அது மறிக்கிறது. அதனால் பிழைத்தவர்கள் பலர். பூச்சிமருந்து பட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

கண்ணில் நீர் அழுத்தம் ஏறும் நோய்க்குச் சொட்டு மருந்து, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை, இழுப்பு நோய்க்கு உறிஞ்சும் மருந்து என்று இந்தச் சேவகர்களைத் தூண்டியோ தடுத்தோ வேலை செய்யும் மருந்துகள் இன்று ஏராளம். மூளையிலும் இப்படிப் பல சேவகர்கள் இருப்பது பிற்காலத்தில் தெரிந்தது.

பிராங்பர்ட் ஆஸ்பத்திரியில் லோவி கண்ட காசநோய்க்கும் நிமோனியாவுக்கும் மருந்து கண்டவர்கள் வேறு பேர். ஆனால் மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்ற கேள்வியோடு அங்கிருந்து வெளியேறிய இளைஞர், அதற்கு ஒரு நல்ல விடையைக் கண்டார். நோயாளியின் கட்டிலை விட்டுப் போனவரின் கண்டுபிடிப்பு, ஊசியாகவும் சொட்டு மருந்தாகவும் அதே கட்டிலுக்குத் திரும்பி வந்துவிட்டது.